முதன்மை உறுப்பு

என் அம்மா செய்த ஒரே தவறு, இரண்டு உறுப்புகளை ஒரே வாரத்தில் கெடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாக மருத்துவமனைக்குப் போனதுதான். கல்லீரலை மட்டும் கெடுத்துக்கொண்டு போயிருந்தால் கம்பளம் விரிக்காத குறையாக வரவேற்றிருப்பார்கள். சிறுநீரகத்தை மட்டும் என்றாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனதில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஒழுங்கே குலைந்துவிட்டது. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. ஓட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். அந்தப் புதன்கிழமை காலை, முதல் வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் கார் சாவியைத் தேடிக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதங்கள் இரண்டும் ஊதிக் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

"செருப்பு நுழையலடா" என்றாள்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

"இப்பதானே நீ பார்க்கற? இப்பலேர்ந்துன்னே வச்சுக்கோ."

அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் கெட்டிக்காரி. ஒரு ஆளைக் கண்ணால் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவாள். நோய் வந்தால் மட்டும் ஊருக்கே கடைசியாகச் சொல்வாள். நேற்று மத்தியானத்திலிருந்து சிறுநீரே போகவில்லை என்பதை, அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்பதைப்போல் சொன்னாள். சாவியைத் தேடி எடுத்து, அவளைக் காரில் ஏற்றினேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் எனக்கு. அன்று என் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வழியில் இரண்டு தடவை அவள் காலே பிரேக்கை மிதித்துவிட்டது. "வேகமா போற" என்றாள். காரின் தலைமேல் இருந்த பயிற்சிப் பலகையைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்றைக்கு எங்களுக்கு வழிவிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒல்லியான இளம் டாக்டரம்மா. கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். ரத்தம் எடுத்தார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கல்லீரல் ரொம்ப மோசமா இருக்கு. சிறுநீரகம் ரெண்டும் நின்னுபோச்சு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டே போகுது. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள டயாலிசிஸ் ஆரம்பிச்சாகணும். இல்லன்னா இதயம் நின்னுடும்."

"ஆரம்பிங்க டாக்டர்."

"என்னால முடியாது. எங்க பிரிவுல ரெண்டு மணி நேரம்தான் ஒருத்தரை வச்சிருக்கலாம். நீங்க முதல்ல ஏதாவது ஒரு உறுப்புல சேரணும்."

நானும் சேர்ப்பதற்கு ஓடினேன். சேர்க்கை மேஜையில் இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"முதன்மை உறுப்பு?"

"ரெண்டு சார். கல்லீரல், சிறுநீரகம்."

"ஒரு பெட்டிதான் சார் இருக்கு. ஒரு உறுப்புதான் போகும்."

"அப்ப கல்லீரல்னு போடுங்க."

தட்டினார். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்லீரல் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்றது. சிறுநீரகம் என்று தட்டினார். அந்தப் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்றது. "பாருங்க, ரெண்டு பிரிவுமே திறந்துதான் இருக்கு" என்றார், எனக்கு ஏதோ உதவி செய்துவிட்டவரைப்போல.

கல்லீரல் பிரிவு கிழக்குக் கட்டடம். வாசலிலேயே பெரிய ஒளிப்பலகை: 'இம்மாத வெற்றி விகிதம் 99.2'. பிரிவுத் தலைவர் கனத்த உடம்பு, மென்மையான குரல். அம்மாவின் அறிக்கையை இரண்டு விரலால் பிடித்து, தேநீர் சிந்திய காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கல்லீரல் கெட்டிருக்கு. மறுக்கல. ஆனா கூடவே சிறுநீரகமும் நின்னிருக்கே? சிறுநீரகம் நின்னவங்களை நாங்க தொடுறது நாகரிகமில்ல தம்பி. அடுத்தவங்க சமையலறையில போய் நாம அடுப்பு பத்தவைக்கற மாதிரி."

"சார், சாயங்காலத்துக்குள்ள ஆரம்பிக்கலன்னா..."

"அதனாலதான் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஆயிட்டா அது எங்க பலகையில ஏறும். இந்த தொண்ணூத்தொம்பது சும்மா வந்துச்சுன்னு நினைக்கறீங்களா? பத்து வருஷமா பிழைக்கிறவங்களா பார்த்து, பொறுக்கி எடுத்து, வைத்தியம் பண்ணிக் கட்டிக் காப்பாத்தின பேரு."

சிறுநீரகப் பிரிவு மேற்குக் கட்டடம். அங்கே பலகையில் 99.4. தலைவர் ஒடிசலான மனிதர், குரல் மட்டும் மைதானத்துக்கானது.

"உங்க அம்மாவோட சிறுநீரகத்துமேல ஒரு தப்பும் இல்ல! கல்லீரல் கெட்டுது, அது கோவிச்சுக்கிட்டு நின்னுபோச்சு. பாதிக்கப்பட்ட தரப்பு நாங்க. நாங்க ஏன் அவங்களை ஏத்துக்கணும்? கல்லீரல்காரங்களோட பலகையைப் பார்த்தீங்களா? தொண்ணூத்தொம்பது புள்ளி ரெண்டு. பாவம்."

"உங்களுக்குள்ள போட்டியா சார்?"

"சேச்சே. ஆரோக்கியமான ஒப்பீடு."

இதற்குள் இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டதால் அவசரப் பிரிவிலிருந்து அம்மாவின் கட்டிலை வெளியே தள்ளிவிட்டார்கள். டாக்டரம்மா தடுத்துப் பார்த்தார். விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்துவைத்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது கட்டில் இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் நீண்ட நடைபாதையில் நின்றிருந்தது. அதற்கு 'ஒருங்கிணைப்புப் பாதை' என்று பெயர். தரையில் குறுக்காக ஒரு பித்தளைப் பட்டை பதித்திருந்தார்கள். அதற்குக் கிழக்கே கல்லீரல், மேற்கே சிறுநீரகம். யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாது என்று கட்டிலைச் சரிபாதியாக நிறுத்தும்படி உத்தரவாகியிருந்தது. வார்டு ஊழியர் ஒருவர் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாடாவை நேரா பிடிப்பா" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு இன்ச் சாயுது. சட்டையா இருந்தா இந்நேரம் கெட்டுப்போயிருக்கும்."

தலை கல்லீரலில், கால் சிறுநீரகத்தில் என்று ஆயிற்று. கல்லீரல் நர்ஸ் வந்து கண்ணை விரித்துப் பார்த்து, கையைத் தொட்டு, மார்பு வரைக்கும் எழுதிக்கொண்டு போனார். சிறுநீரக நர்ஸ் வந்து பாதத்தை அழுத்திப் பார்த்து, முழங்காலோடு நின்றுவிட்டார். நடுவில் இருந்த வயிறு கேட்பாரற்றுக் கிடந்தது. தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது: அரை மணிக்கொரு முறை குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கவும். கால்மாட்டில் இன்னோர் அட்டை: நாள் முழுவதற்கும் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும். முன்னவர் டம்ளரை வைத்துவிட்டுப் போவார், பின்னவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். அந்த டம்ளர் அப்படி நாலு நடை நடந்தது.

"தாகமா இருக்கா இல்லையான்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுது" என்றாள் அம்மா.

அப்போது கையில் ஒரு சிறு திரையுடன் ஓர் இளம்பெண் வந்தாள். கழுத்து அட்டையில் 'நோயாளி மகிழ்ச்சிப் பிரிவு' என்று இருந்தது. திரையில் ஐந்து முகங்கள், அழுகையிலிருந்து பல் தெரியும் சிரிப்பு வரைக்கும் வரிசையாக.

"இதுவரைக்கும் எங்க சேவை எப்படி இருந்ததும்மா? ஒரு முகத்தை அழுத்துங்க."

அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல என் மூஞ்சி இல்லையேம்மா" என்றாள். அந்தப் பெண் தானே நாலாவது முகத்தை அழுத்திக்கொண்டு நன்றி சொல்லிப் போனாள்.

மணி ஒன்று ஆகியிருந்தது. அம்மாவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. என்னை ஒருமுறை, 'காலர் வெட்டியாச்சா?' என்று கேட்டாள். மாணவர்கள் தப்பான நேரத்தில் தப்பான பக்கம் திருப்பினால் என் வலது கால் தானாகப் பிரேக்கை அழுத்தும். அன்று நடைபாதையில் நின்று வெறும் தரையைப் பலமுறை அழுத்தினேன். ஒன்றும் நிற்கவில்லை. அதன்பிறகு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஆனால் மூன்றாவது மாடியிலிருந்த இயக்குநருக்குக் கேட்டிருக்கிறது.

இயக்குநர் கீழே இறங்கி வந்தார். நரைத்த தலை, தோள் தொங்கும் வெள்ளைக் கோட்டு. என் தோளில் கைபோட்டார்.

"உங்க உணர்வை நான் மதிக்கிறேன். எங்க மருத்துவமனையில எந்த நோயாளியும் கைவிடப்படுறதில்ல. பரிசீலிக்கப்படுறாங்க. முதன்மை உறுப்பு நிர்ணயக் குழு செவ்வாய்க்கிழமைதான் கூடும். உங்களுக்காக, இந்த நிறுவனத்தோட வரலாற்றிலேயே முதல் தடவையா, இன்னைக்கே கூட்டறேன். நாற்காலி எல்லாம் மாடியில இருக்கு, கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆகும்."

இரண்டரை மணிக்குக் குழு கூடியது. நீள மேஜை. கிழக்குப் பக்கம் மூன்று கல்லீரல்காரர்கள், மேற்குப் பக்கம் மூன்று சிறுநீரகக்காரர்கள், முனையில் இயக்குநர். கேள்வி ஒன்றே ஒன்றுதான். எது முதலில் கெட்டது? முதலில் கெட்ட உறுப்பின் பிரிவுதான் நோயாளியை ஏற்கவேண்டும் என்பது விதி.

"அம்மாவையே கேக்கலாமே?" என்றேன்.

இயக்குநர் புன்னகைத்தார். "நோயாளி உணர்ச்சிவசப்பட்ட தரப்பு. அதோட, தன்னோட உறுப்புகளை அவங்களே நேர்ல பார்த்ததில்ல. கூட இருக்கிறவங்கதான் நடுநிலையான சாட்சி. நீங்க சொல்லுங்க. மஞ்சள் முதல்ல வந்துச்சா, வீக்கம் முதல்ல வந்துச்சா?"

ஆறு பேரும் பேனாவைத் திறந்தார்கள். எனக்குத் தெரியாது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. கடந்த எட்டு நாளில் பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், மாணவர்களின் கால்களைப் பார்த்திருக்கிறேன், நடைபாதை ஓரக் கல்லைக்கூட விரல்கடை அளவுக்குப் பார்த்திருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட அம்மாவின் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வெட்கத்தை அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் நான் அனுபவித்தேன்.

"தெரியாது சார்" என்றேன். "ஒண்ணு மட்டும் தெரியும். போன வாரத்துக்கு முந்தின வாரம் பெரிய மழை பெய்ஞ்சுதே, அப்ப அம்மாவோட தையல் கடைக்குள்ள தண்ணி வந்துடுச்சு. கடை கீழ்த்தளத்துல இருக்கு. போன் பண்ணி, வந்து ரெண்டு வாளி இறைச்சுக் கொடுடான்னு கேட்டாங்க. நாளைக்கு வரேன்னு சொன்னேன். போகல. ரெண்டு நாள் முழங்கால் தண்ணியில நின்னு அவங்களே இறைச்சிருக்காங்க. அப்புறம் காய்ச்சல்னு படுத்தாங்க. மாத்திரை போட்டுக்கோன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு என்னமோ ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

"தண்ணீர் ஒரு உறுப்பு அல்ல" என்றார் சிறுநீரகத் தலைவர்.

"மழையும்தான்" என்றார் கல்லீரல் தலைவர். அன்று அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் இடம் அது. என் சாட்சியம் குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

பிறகு வாதம் நடந்தது. கல்லீரல் தலைவர் கல்லீரலின் பொறுமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். எத்தனை அடித்தாலும் தாங்கும் உறுப்பு அது, அப்படிப்பட்டது முதலில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை என்றார். சிறுநீரகத் தலைவர், சிறுநீரகங்கள் இரண்டு என்பதை நினைவூட்டினார். இரண்டும் கூடிப் பேசி ஒரே நேரத்தில் கெடுவது நடக்காத காரியம், எனவே ஒற்றையாக இருக்கும் கல்லீரல்மீதுதான் சந்தேகம் என்றார். இடையில் தேநீர் வந்தது. ஓட்டெடுப்பில் மூன்றுக்கு மூன்று. இயக்குநர் எழுந்தார்.

"என் ஓட்டை யாருக்குப் போட்டாலும் இன்னொருத்தர் மனசு புண்படும். அதனால நான் போடப்போறதில்ல. ரெண்டு மாபெரும் பிரிவுகள் சமநிலையில நிக்குது. இதைவிட அழகான முடிவு எந்த மருத்துவமனைக்குக் கிடைக்கும்?"

கைதட்டினார்கள். மணி ஐந்து. அப்போதுதான் வார்டு ஊழியர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், பித்தளைப் பட்டையில கட்டில் இருக்கு. அந்த அம்மா இல்ல."

முதலில் பேசியவர் கல்லீரல் தலைவர். "கடைசிவரைக்கும் அவங்க சிறுநீரக நோயாளியாத்தான் இருந்தாங்கன்னு குறிப்புல பதிவு பண்ணிடுங்க." சிறுநீரகத் தலைவர் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார். "காலையிலேயே கல்லீரல்னு நான் சொன்னதுக்கு இந்தத் தம்பியே சாட்சி!" இரண்டு பக்கமும் காகிதம் கிழிபடும் சத்தம். எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை.

மகிழ்ச்சிப் பிரிவுப் பெண் எப்படித்தான் வந்தாளோ, என் பக்கத்தில் நின்றாள். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். பின்பக்கத்தில் 'ஆறுதல் பிரிவு' என்று இருந்தது.

"உங்க இழப்புல நாங்க முழுசா பங்கெடுத்துக்கறோம் சார்" என்று ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். "இந்த ஆறுதல் உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு ஒரு முகத்தை அழுத்தினீங்கன்னா..."

அம்மா போய்விட்டாள் என்று நான் நம்பிவிட்டேன். கடைசியாக அவள் என்னிடம் கேட்டது காலர் வெட்டியாச்சா என்பது. இயக்குநர் வந்து பேசியபோது நான் கடைசியாக அவளிடம் சொன்னது, 'சும்மா இரும்மா, பெரியவங்க பேசிட்டிருக்காங்க' என்பது. அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டு ஓடினேன். நடைபாதையில் கட்டில் இருந்தது. விரிப்பில் அவள் படுத்த பள்ளம் இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அந்தப் பட்டைமேல் நின்று அழுதேன். நாற்பத்திரண்டு வயது ஆள், அம்மா அம்மா என்று வாய்விட்டு அழுதேன்.

"இங்க ஏன் நிக்கறீங்க?" அவசரப் பிரிவு டாக்டரம்மா. பென்சில் இன்னும் கொண்டையில் இருந்தது. "கீழ மெஷின் ரூமுக்குப் போங்க. உங்களைத்தான் தேடிட்டிருக்காங்க."

படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. டயாலிசிஸ் அறையின் கோடியில், நான்காம் எண் இயந்திரத்தின் பக்கத்தில் அம்மா படுத்திருந்தாள். கழுத்திலிருந்து இரண்டு குழாய்கள். ஒன்றில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது, இன்னொன்றில் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் முழங்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். இயந்திரங்களை ஓட்டுகிற டெக்னீஷியன். மருத்துவமனையில் அவரை எல்லோரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அக்குள்ல பிடிக்குது பாரு" என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் குழறல் குறைந்திருந்தது. "அங்க ஒரு துண்டு வச்சுத் தைச்சிருக்கணும். கையைத் தூக்கி வேலை பண்றவளுக்கு இப்படியா தைப்பாங்க?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பயந்துட்டீங்களா தம்பி?" என்றார் மெஷின் அக்கா. "புதன்கிழமை மெஷினுக்கு சோதனை ஓட்டம். நாலு மணி நேரம் ஓட்டிப் பார்க்கணும். ஆளைச் சேர்க்கத்தான் பிரிவோட ஒப்புதல் வேணும். மெஷினைச் சோதிக்க யாரையும் கேக்கவேண்டியதில்ல. வெறும் உப்புத்தண்ணியில ஓட்டறதுக்கு, ரத்தத்துல ஓட்டிப் பார்த்தா நல்லாவே சோதிக்கலாம்னு டாக்டரம்மாவும் நானும் முடிவு பண்ணினோம். கழுத்துல குழாய் அவங்கதான் போட்டாங்க. நீங்க கமிட்டியில இருந்தீங்க. கூப்பிட்டா அங்க இருக்கறவங்களுக்கும் தெரிஞ்சுடும்."

"இவதான்டா என்னைக் கேட்டா" என்றாள் அம்மா. "காலையிலேர்ந்து எத்தனை பேர் வந்தாங்க! இவ ஒருத்திதான், 'என்னம்மா ஆச்சு உங்களுக்கு?'ன்னு கேட்டா."

கேட்டதும் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். கடைக்குள் வந்த தண்ணீர், அதில் மிதந்த எலிகள், குதிகால் வெடிப்பு, காய்ச்சல், ஆடுசதையில் உயிர்போகிற வலி. அக்கா போய் டாக்டரம்மாவிடம் சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும் கிருமி. அது எது முதல் எது இரண்டு என்று வரிசை பார்ப்பதில்லை, இரண்டு உறுப்புகளையும் ஒன்றாகத்தான் பிடிக்கும். ரத்தம் பரிசோதனைக்குப் போயாயிற்று. முடிவுக்குக் காத்திராமல் ஊசியும் ஆரம்பித்தாயிற்று.

"நேரத்துல பிடிச்சுட்டோம்" என்றார் அக்கா. "ரெண்டு உறுப்பும் பெரும்பாலும் திரும்பி வந்துடும்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு நான் தண்ணி இறைக்க வந்திருக்கணும்மா."

"வந்திருந்தா ரெண்டு பேரும் படுத்திருப்போம். கமிட்டிக்கு யாரு போறது?" சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆனா வந்திருக்கணும்" என்றாள்.

அதன்பிறகு பதினெட்டு நாள். அவசரப் பிரிவில் ஒருவரை இரண்டு மணி நேரம்தான் வைத்திருக்கலாம் அல்லவா? முதல் நாள் பிரித்துவைத்த அதே விதிப்புத்தகத்தை டாக்டரம்மா உட்கார்ந்து முழுவதும் படித்தார். ஒருவரை எத்தனை முறை சேர்க்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. இரண்டு மணிக்கொரு முறை அம்மாவை அனுப்பிவிட்டு, மறுபடி புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தார். அம்மா கட்டிலைவிட்டு நகராமலே இருநூறு தடவைக்குமேல் வந்துபோனாள். ஒருநாள் விட்டு ஒருநாள் நான்காம் எண் இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா பதிவேட்டில் எழுதினார். பாவம், அந்த மாதம் அதற்கு எத்தனை சோதனை!

ஏழாம் நாள் அம்மாவுக்குச் சிறுநீர் வந்தது. முப்பது மில்லி. டாக்டரம்மா அளவுக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வாழ்நாளில் அப்படி ஒரு அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. மறுநாள் நூற்றெழுபது. வண்டியில் என் மாணவர்களிடம் சொன்னேன். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒரு வங்கி மேனேஜர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினார், நான்தான் பிரேக் போட்டேன். பத்தாம் நாள் ஒரு லிட்டர். கண்ணில் வெள்ளை திரும்பியது. பாதத்தில் எலும்பு தெரிந்தது. பதினான்காம் நாள் இயந்திரத்துக்கும் உடம்பு சரியாகிவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பும் நாள் காலையில் கல்லீரல் தலைவர் பூங்கொத்துடன் வந்தார், புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு. அவர் அம்மாவின் வலப்பக்கம் நிற்பதற்குள் சிறுநீரகத் தலைவர் இன்னும் பெரிய பூங்கொத்துடன் இடப்பக்கம் வந்து நின்றார்.

"எங்க நோயாளி" என்றார் ஒருவர், மென்மையாக.

"முதல் நாளே நான் பார்த்தேன், இந்தத் தம்பியே சாட்சி!" என்றார் மற்றவர்.

கிழக்குப் பலகையில் 99.3. மேற்குப் பலகையில் 99.5. அம்மா இரண்டு கட்டடத்திலும் பிழைத்திருந்தாள். இயக்குநர் வந்து நடுவில் நின்றார்.

"யார் நோயாளின்னு இனிமே சண்டை வேண்டாம். இது ஒருங்கிணைப்போட வெற்றி. அந்தக் குழுவை அன்னைக்கே கூட்டினேன் பாருங்க, அதுதான் இந்தம்மாவைக் காப்பாத்தினது."

அம்மா அவர் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தோள்ல ரெண்டு இன்ச் அதிகம் உங்களுக்கு" என்றாள். "என்னைக் காப்பாத்தினது கீழ இருக்கற மெஷின் ரூம் பொண்ணு. முதல் நாளே என்னை அந்த மெஷின்ல போட்டுட்டா. அவளைக் கூப்பிட்டு போட்டோ எடுங்க."

"அப்படியா?" என்றார் இயக்குநர். முகத்தில் இருந்த புன்னகை அப்படியே இருந்தது. "கண்டிப்பா கவனிக்கிறோம்."

மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கீழே இறங்கினோம். கவனித்துவிட்டார்கள். அக்காவின் மேஜையில் மெமோ இருந்தது. அனுமதியின்றி இயந்திரத்தை இயக்கியதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.

அம்மா அதை வாங்கிப் படித்தாள். "என் வாயாலதானே வந்தது? நான்தானே உளறினேன்?"

"அட, விடுங்கம்மா. நீங்க சொல்லலன்னா பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பாங்க. எப்பவும் அப்படித்தான்." அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு கற்றையை எடுத்துத் தட்டி நேராக்கி, இந்தத் தாளை மேலே வைத்தார். "இது பதினேழாவது."

அம்மா அந்தக் கற்றையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிச்சம் பதினாறு பேரும்?"

"பதினாலு பேர் உங்களை மாதிரி நடந்துதான் போனாங்க. ரெண்டு பேருக்கு, கமிட்டி முடியட்டும்னு காத்திருந்து, நேரம் கடந்தப்புறம்தான் மெஷினைப் போட்டேன். அப்ப நான் வேலைக்குப் புதுசு."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். மெமோவின் கீழ்ப்பாதியில் பதில் எழுதக் கட்டங்கள் இருந்தன. பெயர், பணி, இயந்திர எண் எல்லாவற்றையும் அக்கா நிரப்பிவிட்டிருந்தார். கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'சோதனையின்போது இயந்திரத்துடன் இணைக்கப்பட்டிருந்த பொருள் யாது?'

"அதை மட்டும் நான் எப்பவும் எழுதறதில்ல தம்பி" என்றார் அக்கா. "என்ன எழுதறதுன்னு தெரியாது."

நான் பேனாவை வாங்கிக் குனிந்து, 'என் அம்மா' என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டு, வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன்.